மின்தடையை எங்கே வைப்பது?

எல்.இ.டி. என்னும் சிறு ஒளிக்கருவியை மின்கலத்தோடு இணைக்குங்கால், அதனுடன் ஒரு மின்தடையையும் சேர்த்தல் வேண்டும் என்பதை நம் மாணவர் யாவரும் அறிவர். ஆயின் அத்தடையை எப்பக்கம் வைப்பது என்று வினவின், விடைகள் பலவாகின்றன. மின்கலத்தின் நேர்முனைக்கும் எல்.இ.டி.க்கும் இடையே வைத்தாலன்றி அக்கருவி கருகிவிடும் என்பர் சிலர். எதிர்முனைப் பக்கமே தக்கது என்பர் வேறு சிலர். எங்கு வைப்பினும் ஒன்றே என்பாரும் உளர். இம்மூவருள் இறுதியிற் கூறியோரே உண்மையை அணுகினோர் ஆவர். எனினும் அவர்தம் கூற்றும் ஒரு வரம்புக்குட்பட்டே செல்லும். அவ்வரம்பு யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆய்வுக்கூடத்து மேசையோடு முடிந்துபோகும் வினா அன்று இது. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடுங்கால் வீதிதோறும் விளக்குச் சரங்கள் கட்டப்படுகின்றன. மக்கள் அவற்றைச் சீரியல் செட் என்றே வழங்குவர். இராஜபாளையத்தில், 1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் முதல் ஆலையை நிறுவியது தொட்டு நூற்பாலைத் தொழில் வேரூன்றி நிற்கிறது. இக்காலத்து ஆலைகளில் இயந்திரங்களின் நிலையை உணர்த்துவன பெரும்பாலும் சிறுசிறு எல்.இ.டி.களே. இவ்விரண்டூர்களிலிருந்தும் நம்மிடம் பயில வரும் மாணவர் பலர். விடுமுறையில் ஊர் சென்று, பந்தலிலும் வண்டியிலும் விளக்குக் கட்டிக் கொடுப்பவரும் அவருள் உண்டு. ஆதலின் தடையின் இருப்பிடத்தை ஐயமற அறிதல் அவர்க்கு ஒரு தேர்வு வினாவிற்கு விடை அறிதலினும் மேலானதாகும்.

முதற்கண், தடை எற்றுக்கு? பழைய இழை விளக்கை நோக்குக. 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் விளக்கின் டங்ஸ்டன் இழை, குளிர்ந்திருக்கும்போது ஏறத்தாழ 40 ஓம் தடையே உடையது. எரியும்போது அது 529 ஓம் ஆகின்றது. சூடேற ஏறத் தடையும் ஏறுதலால், மின்னோட்டம் தானே அடங்கி ஓர் அளவில் நிற்கிறது. தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் நல்லியல்பு அவ்விளக்கிற்கு உண்டு. எல்.இ.டி.க்கு அஃது இல்லை. அதன் இயல்பு இதற்கு நேர்மாறானது. சிவப்பு எல்.இ.டி. ஒன்றுக்கு ஒன்றரை வோல்ட் கொடுப்பின் ஏறக்குறைய ஒன்றுமே ஓடாது. இரண்டு வோல்ட்டை அணுகும்போது 20 மில்லி ஆம்பியர் ஓடும். அதற்கு மேல் ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு கூட்டினும் மின்னோட்டம் இரண்டு மூன்று மடங்காகிவிடக் கூடும். அன்றியும், அது சூடேறுந்தோறும் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் வீதம் அதற்கு வேண்டும் மின்னழுத்தம் குறைந்துகொண்டே வரும். அஃதாவது, மின்னழுத்தத்தை மாற்றாது வைத்திருந்தாலும், சூட்டினால் ஓட்டம் மிகும். ஓட்டத்தினால் சூடு மிகும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்துக் கருவி அழியும். கடிவாளமற்ற குதிரை எனலாம்; கடிவாளம் நாம் இடும் தடையே.

இக்கருவியின் வரலாறு நெடியது. 1907-இல் ஆங்கிலேயராகிய ரவுண்ட் என்பார் கார்போரண்டம் படிகத்தில் மின்னோட்டம் பாயுங்கால் மங்கிய ஒளி தோன்றுதலைக் கண்டு எழுதினார். 1962-இல் அமெரிக்காவில் ஹோலோன்யாக் கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளி தரும் டையோடைச் செய்தார். நீல ஒளி பெறுதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதன்பொருட்டு அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர்க்கும் 2014-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று நாம் காணும் வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீல எல்.இ.டி.யின்மேல் மஞ்சளொளி தரும் பூச்சு இட்டதே ஆகும்.

தடையின் அளவைக் கணித்தல் எளிது. 9 வோல்ட் மின்கலம் ஒன்றும் சிவப்பு எல்.இ.டி. ஒன்றும் உள என்க. எல்.இ.டி. 2 வோல்ட்டைக் கொள்ளும். எஞ்சிய 7 வோல்ட்டைத் தடை ஏற்றல் வேண்டும். 20 மில்லி ஆம்பியர் ஓட்டத்திற்கு, 7-ஐ 0.02-ஆல் வகுக்க, 350 ஓம் கிடைக்கும். கடையில் ரெஸிஸ்டர் கேட்டால் 330 அல்லது 390 ஓம் கொடுப்பர். 390-ஐ வாங்குக, 18 மில்லி ஆம்பியர் ஓடும், ஒளியிற் குறை தோன்றாது. அத்தடையிற் சூடாகக் கழியும் ஆற்றல் 0.126 வாட். ஆதலின் கால் வாட் தடை போதும்.

இனி, முன்னோ பின்னோ என்னும் வினாவிற்கு வருவோம். எல்.இ.டி.க்கு முன்னரே தடை இருத்தல் வேண்டும் என்போரின் எண்ணம் எங்கிருந்து பிறந்தது? அது நம் நாட்டுக் கண்மாய்களிலிருந்தே பிறந்தது என்பது எம் துணிபு. மேற்குமலையினின்று இழியும் ஓடைநீர் கண்மாயில் நிறைந்து, மடை வழியே வாய்க்காலில் ஓடுகிறது. தலைமடைக்காரர் பாய்ச்சிக்கொண்டது போக எஞ்சியதே கடைமடைக்குச் சேரும். வாய்க்காலின் நடுவே ஒரு கல்லை இட்டால், கல்லுக்கு மேலுள்ள வயலில் நீர் பெருகும். கீழுள்ள வயல் காயும். இதனைப் பிறந்த நாள் முதற் கண்டு வளர்ந்தவர், மின்சாரமும் நேர்முனையிற் புறப்பட்டு, வழியில் உள்ளாரெல்லாம் எடுத்துக்கொண்டது போக மீந்ததே எதிர்முனைக்குத் திரும்புகிறது என்று எண்ணுதல் இயல்பே. நூலாசிரியர் சிலரும் வாய்க்காலையே உவமையாகக் காட்டி இவ்வெண்ணத்தை வளர்த்துவிட்டனர். திறந்த வாய்க்கால் மின்சுற்றுக்குச் சிறிதும் ஒவ்வாத உவமை. வாய்க்காலில் நீர் தேங்கலாம், கரை வழியலாம், வயல் உறிஞ்சலாம். கம்பியில் மின்னூட்டம் அவ்வாறு வழியிலே தேங்குவதுமில்லை; எவராலும் உறிஞ்சப்படுவதுமில்லை.

இராஜபாளையத்து மாணவர்க்கு இதனினும் நல்ல உவமை அவர்தம் ஊர் ஆலைக்குள்ளேயே இருக்கின்றது. ரிங் பிரேம் இயந்திரத்தில் கதிர்களைச் சுழற்றுதற்கு முடிவில்லாத டேப் ஒன்று, உருளையைச் சுற்றி நான்கு கதிர்களையும் தழுவி மீண்டும் உருளைக்கே வரும். பல ஆலைகளிற் காணக்கூடிய அமைப்பு இது. அந்த டேப்பை ஏதேனும் ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் என் ஆகும்? பிடித்த இடத்திற்குப் பின்னுள்ள கதிர்கள் மட்டும் தளரும், முன்னுள்ளவை பழைய வேகத்தில் ஓடும் என்று எந்தத் தொழிலாளியும் கூறார். டேப் முழுவதும் ஒருங்கே தளரும்; நான்கு கதிர்களும் ஒருங்கே தளரும். பிடித்த இடம் உருளைக்கு அண்மையிலா சேய்மையிலா என்பது பொருட்டன்று. (ஓடும் இயந்திரத்தில் விரல் வைத்து இதனைச் சோதித்துப் பார்க்க வேண்டா, மனத்தாற் கண்டாற் போதும்.) ஒற்றைத் தொடராகிய மின்சுற்றும் இத்தகையதே. தடை எவ்விடத்து இருப்பினும் சுற்று முழுவதிலும் ஓடும் ஓட்டத்தை அது ஒருசேரக் கட்டுப்படுத்தும். 1845-இல் கிர்க்காப் என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்த முதல் விதி கூறுவதும் இதுவே: ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டமும் அதனின்று வெளிச்செல்லும் மின்னோட்டமும் சமமாம். கிளையில்லாத வழியில் எல்லா இடத்தும் ஓட்டம் ஒன்றே.

ஐயுறுவோர் ஒரு மில்லி அம்மீட்டரை எடுத்து, மின்கலத்திற்கும் தடைக்கும் இடையிலும், தடைக்கும் எல்.இ.டி.க்கும் இடையிலும், எல்.இ.டி.க்கும் எதிர்முனைக்கும் இடையிலும் முறையே வைத்து அளக்க. மூன்றிடத்தும் ஒரே எண் காட்டும். பின்னர்த் தடையை மறுபக்கம் மாற்றி அளக்க. அப்பொழுதும் அதே எண்ணே.

மாறுவது ஒன்று உண்டு. அதனை நம் மாணவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எதிர்முனையைச் சுழியாகக் கொண்டு வோல்ட்மீட்டரால் அளந்தால், தடை முன்னிருக்கும் அமைப்பில் எல்.இ.டி.யின் நேர்க்கால் 2 வோல்ட்டிலும் எதிர்க்கால் சுழியிலும் நிற்கும். தடை பின்னிருக்கும் அமைப்பிலோ, நேர்க்கால் 9 வோல்ட்டிலும் எதிர்க்கால் 7 வோல்ட்டிலும் நிற்கும். இரண்டிலும் வேறுபாடு 2 வோல்ட்டே, எல்.இ.டி. உணர்வது அவ்வேறுபாட்டை மட்டுமே. தெப்பக்குளத்தில் ஒன்பது படி இறங்குவோர், முதலில் ஏழு படியும் பின்னர் இரண்டு படியும் இறங்கினாலும், முதலில் இரண்டும் பின்னர் ஏழும் இறங்கினாலும், நீரை அடைதல் ஒன்றே. ஆயின், இடையே நிற்கும் மேடை எவ்வளவு உயரத்தில் இருக்கின்றது என்பது இவ்விரண்டிலும் வேறுபடும். இச்சிறு வேற்றுமையைக் கருத்தில் இருத்துக. பின்னர் இதுவே பெரிதாகப் போகிறது.

மாணவர் கூறும் தடை இன்னும் ஒன்று உளது. சுவிட்சைப் போட்ட கணத்தில் மின்சாரம் முதலில் எல்.இ.டி.யை அடைந்து, தடை இருப்பதை அறியுமுன்னரே அதனைச் சுட்டுவிடாதோ என்பர். கூர்மையான வினாவே. சுற்றில் ஏற்படும் மாறுதல் கம்பி வழியே ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்திற் பரவும். ஒளி ஒரு நானோ வினாடியில் செல்லும் தூரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். மேசைமேல் வைத்த சிறு சுற்றில் சில நானோ வினாடிக்குள் எல்லாம் நிலைபெற்றுவிடும். அவ்வளவில் எல்.இ.டி. சூடேறவும் காலம் போதாது.

ஆகவே ஒரு மின்கலம், ஒரு தடை, ஒரு எல்.இ.டி. என்னும் அளவில் எங்கு வைப்பினும் ஒன்றே. இவ்வளவோடு நிறுத்திவிடும் பாடநூல்களோடுதான் எமக்குச் சிறிது மனவேறுபாடு. மாணவர் இவ்விடையை மனப்பாடம் செய்துகொண்டு வெளியே சென்று, அது செல்லாத இடங்களிலும் செலுத்திவிடுகின்றனர்.

முதலாவதாக, பல எல்.இ.டி.களைப் பக்க இணைப்பிற் கட்டும்போது ஒவ்வொன்றிற்கும் ஒரு தடை வாங்குதல் வீண் என்று கருதி, எல்லாவற்றிற்கும் பொதுவாக ஒரே தடையை வைப்பர். ஈண்டுத் தடையின் இடம் மிகவும் பொருட்டே. கிளைக்கு முன்னர்ப் பொதுவழியில் வைத்த தடை மொத்த ஓட்டத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். அதனைக் கிளைகள் தமக்குள் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றன என்பதில் அதற்கு அதிகாரம் இல்லை. இதனை விளங்கக் காட்டும் சோதனை ஒன்று கூறுவோம். மேற்கூறிய 9 வோல்ட் மின்கலத்தோடு 390 ஓம் தடையின் வழியே ஒரு வெள்ளை எல்.இ.டி.யை எரியவிடுக. அது எரியும்போதே, அதன் இரு கால்களுக்கும் குறுக்கே ஒரு சிவப்பு எல்.இ.டி.யை, நேர்க்கால் நேர்க்காலோடு பொருந்த, தொடுக. அக்கணமே வெள்ளை அணைந்து சிவப்பு மட்டும் எரியும். வெள்ளைக்கு 3 வோல்ட்டுக்குக் குறையாது வேண்டும். சிவப்போ 2 வோல்ட்டிலேயே ஓட்டம் முழுவதையும் தன்வழி இழுத்துக்கொள்ளும். வகுப்பில் இதனைக் காட்டியபோதெல்லாம் ஒரு சலசலப்பு எழுவதுண்டு.

எல்லாம் ஒரே நிறமாயின் இக்குறை இல்லையே எனின், அளவிற் குறையுமேயன்றி நீங்காது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த எல்.இ.டி.களும் மின்னழுத்தத்தில் சிறிது சிறிது வேறுபடும். குறைந்த அழுத்தம் வேண்டுவது மிகுந்த ஓட்டத்தைக் கொள்ளும். அதனாற் சூடேறி, இன்னும் குறைந்த அழுத்தத்தில், இன்னும் மிகுதியாகக் கொள்ளும். ஐந்து எல்.இ.டி.களுக்குப் பொதுவாக 68 ஓம் தடை வைத்து, மொத்தம் ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர் விட்டதாகக் கொள்வோம். ஒன்று பழுதுபட்டு அறுந்தால், மற்ற நான்கும் ஆளுக்கு 25. மேலும் ஒன்று போனால் மூன்றும் ஆளுக்கு 33. எஞ்சியது ஒன்றேயாயின் 100 முழுவதும் அதன் தலையில். ஒன்று விழ, அடுத்தது விரைந்து விழும். ஆளுக்கொரு 390 ஓம் தடை வைத்திருந்தால், ஒன்று அணைவதால் மற்ற நான்கிற்கும் ஒரு தீங்கும் இல்லை. தடை ஒன்றின் விலையோ அற்பம். நூற்பாலை இயந்திரத்தின் விளக்குப் பலகையில் இது வெறும் அழகு பற்றிய செய்தி அன்று. எரியவேண்டிய விளக்கு எரியாதிருப்பின் பழுது உள்ள இடமும் பழுது இல்லாத இடமும் ஒன்றுபோலவே தோன்றும் அன்றோ?

இரண்டாவது, வண்டிகள். இரு ஊர்களுக்கும் இடையே ஓடும் ஷேர் ஆட்டோக்களிலும் சரக்கு வண்டிகளிலும் இளைஞர் எல்.இ.டி. கட்டி மகிழ்தலைக் காண்கின்றோம். வண்டியில் எதிர்முனைக்குத் தனிக்கம்பி இல்லை. இரும்பு உடலே திரும்பும் வழி. ஈண்டுத்தான் முன்னர்க் கூறிய மேடையின் உயரம் பெரிதாகின்றது. பேட்டரியிலிருந்து நீண்ட கம்பி சென்று, பின்புறத்தில் முதலில் எல்.இ.டி.யும் அதன்பின் தடையும் அமைந்து உடலில் முடிவதாகக் கொள்க. எரியும் அளவில் குறை ஒன்றுமில்லை. ஆயின் எல்.இ.டி.க்கும் தடைக்கும் இடைப்பட்ட இணைப்பு வண்டியின் இரும்பில் ஒட்டிவிடின், தடை விலகிப்போக, எல்.இ.டி.யின் மேல் பேட்டரியின் முழு அழுத்தமும் விழுந்து அது கருகும். நீண்ட கம்பியே உராய்ந்து தோலுரிந்து இரும்பில் பட்டாலோ, எல்.இ.டி.யும் தடையும் இரண்டும் விலகிவிடும். பேட்டரி நேரே குறுக்குச் சுற்றாகி, பியூஸ் இல்லாவிடில் கம்பி பழுத்துத் தீப்பற்றும்.

அதே தடையைப் பேட்டரியின் அருகிலேயே, கம்பியின் தலைப்பில் வைத்துப் பாருங்கள். இயந்திரம் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியின் அழுத்தம் 14.4 வரை உயரும். அதற்கேற்ப ஒரு சிவப்பு எல்.இ.டி.க்கு 680 ஓம் தடை இட்டால் 18 மில்லி ஆம்பியர் ஓடும். இப்பொழுது கம்பி எவ்விடத்து இரும்பில் பட்டாலும், ஓடுவது 21 மில்லி ஆம்பியரே. விளக்கு அணையும், வேறொன்றும் நிகழாது. அந்நிலையில் தடை ஏற்கும் ஆற்றல் 0.3 வாட் அளவாதலின், கால் வாட் தடையை விடுத்து அரை வாட் தடையை இடுதல் முறை. இதனால் தடை என்றும் நேர்முனைப் பக்கமே இருத்தல் வேண்டும் என்று விதி செய்துகொள்ளற்க. பழைய ஆங்கில மோட்டார் வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆண்டு எதிர்முனைப் பக்கமே தடைக்கு உரிய இடமாம். உடலோடு சேராத முனையின் பக்கம், பேட்டரிக்கு மிக அண்மையில் என்பதே நினைவிற் கொள்ளத்தக்கது. தடை இருக்கிறது என்று பியூஸை விடுத்தலும் ஆகாது. பேட்டரிக்கும் தடைக்கும் இடையே எஞ்சும் நாலங்குலக் கம்பியை எவர் காப்பார்?

மூன்றாவது, வீதியிற் கட்டும் 230 வோல்ட் சரங்கள். இவற்றைப் பற்றியே எமக்குக் கவலை மிகுதி. ஆடி மாதத்துக் காற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வலியது. கம்பிகள் பந்தற் கால்களிலும் இரும்புத் தூண்களிலும் ஓயாது உராயும். மலைப்பக்கத்துச் சாரலும் உடன் சேரும். சரத்திலே தடை இருத்தலின் தொட்டாலும் தீங்கில்லை என்று கூறும் இளைஞர் உளர். இது கொடிய பிழை. தடையில் அழுத்தம் குறைவது ஓட்டம் உள்ளபோது மட்டுமே. சரத்தில் ஓர் எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். ஓட்டம் இல்லையேல் தடையில் இறக்கமும் இல்லை. அவ்வெறும் முனை முழு 230 வோல்ட்டில் நிற்கும். தடை 5000 ஓம் என்றும், ஈரக்காலோடு நிலத்தில் நிற்பவர் உடலின் தடை 1500 ஓம் என்றும் கொள்வோம். அவர் அம்முனையைத் தொடின் 35 மில்லி ஆம்பியர் அவர் உடல் வழியே பாயும். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே கை இறுகிப் பிடித்த கம்பியை விட இயலாது போகும். எல்.இ.டி.யைக் காக்கும் அளவு வேறு, உயிரைக் காக்கும் அளவு வேறு. தடையை லைன் பக்கம் வைப்பினும் நியூட்ரல் பக்கம் வைப்பினும் இவ்வாபத்து நீங்குவதில்லை. சுவிட்ச் நியூட்ரலில் அமைந்துவிட்டாலோ, விளக்குகள் அணைந்திருக்கையிலும் சரம் முழுவதும் உயிரோடிருக்கும்.

30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியின் வழியே அன்றி வீதிச் சரங்களுக்கு மின்சாரம் எடுத்தல் கூடாது. கைக்கு எட்டும் உயரத்தில் கட்டுவனவற்றிற்கு, மின்மாற்றி அமைந்த 24 வோல்ட் அடாப்டரே தக்கது. அதில் வெள்ளை எல்.இ.டி. ஆறனைத் தொடராகக் கோத்தால் 19.2 வோல்ட் செல்லும், எஞ்சிய 4.8 வோல்ட்டிற்கு ஒவ்வொரு கோவைக்கும் 240 ஓம் தடை ஒன்று. கோவைகள் பல ஆயினும் தடைகளைப் பொதுவாக்காது தனித்தனியே அடாப்டரின் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டால், வெளியே செல்லும் கம்பிகள் இரண்டு காற்றில் உரசி ஒன்றோடொன்று ஒட்டினும், அக்கோவையில் ஓடுவது 100 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. அப்பொழுது தடை ஏற்கும் ஆற்றல் 2.4 வாட் ஆதலின் 3 வாட் அளவுள்ள தடையை வாங்குக; பெட்டியில் காற்றுச் செல்லத் துளைகளும் இடுக.